கழுத்து டாக்டரின் நாலு மணி நோயாளி

"ஐயையோ...!"

அலறல் மாடியிலிருந்து வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் வெள்ளைத்துரை பாதிப் படியில் நின்றார். உடம்பில் காக்கி இல்லை. வேட்டி, சட்டை, தலையில் துண்டு. ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்றுதான் அந்த வேஷம்.

மதுரை மேலமாசி வீதி. 1938-ஆம் வருஷத்து வியாழக்கிழமை ஒன்று. மணி நாலாக ஐந்து நிமிடம்.

நாலு மணிக்குத்தான் அவரை வரச்சொல்லியிருந்தது.

மிச்சப் படிகளை மூன்றே எட்டில் ஏறினார்.

உள் அறையில் பெருக்க வந்த தங்கப்பொண்ணு விளக்குமாற்றைப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அவளுக்கு எதிரே நீளமான தோல் பெஞ்சு. அதன்மேல் பட்டுநூல் வியாபாரி ராஜாராம் குப்புறப் படுத்திருந்தார்.

முதுகு மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

முகமும் மேலே பார்த்துக்கொண்டிருந்தது!

வெள்ளைத்துரை குனிந்து மூக்கில் விரல் வைத்தார். இடது கை விரல். மூச்சு இல்லை. உடம்பில் சூடு மட்டும் இருந்தது.

இந்த வருஷத்தில் அவர் பார்க்கிற பதினோராவது பிணம். அவருக்குள் எதுவும் அசையவில்லை. அவருக்கு வலது கை விரல் மரத்தது மூன்று மாதத்துக்கு முன்னால்தான். மனசு மரத்து ரொம்ப நாளாகிறது.

"டாக்டர் எங்க?"

"பின்னால அடுப்படியில... வென்னி போடப் போனாருங்க!" என்றாள் தங்கப்பொண்ணு.

சொல்லும்போதே டாக்டர் வாசலில் வந்து நின்றார். பெஞ்சைப் பார்த்தார்.

முன் அறையிலிருந்து இன்னொருவன் ஓடி வந்தான். ராஜாராமின் மைத்துனன் வெங்கடரமணன். முப்பது வயது. வலது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான்.

"கொன்னுட்டான்! கழுத்தைத் திருகியே கொன்னுட்டான்! இவன் டாக்டரே இல்லை சார்... எமன்!"

வீதியில் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

*

டாக்டரின் பெயர்ப் பலகையில் 'டாக்டர் எஸ். ஆண்டி, கைரோப்ராக்டிக் நிபுணர், அமெரிக்கா' என்று இருக்கும். நடுவில் உள்ள வார்த்தை யார் வாயிலும் நுழையாததால் ஊர் அவருக்குக் 'கழுத்து டாக்டர்' என்று பெயர் வைத்தது. உசிலம்பட்டிப் பக்கத்துச் சிவனாண்டி, ஒரு பாதிரியாருக்குச் சமையல்காரராகக் கப்பலேறிப் போய், எட்டு வருஷம் கழித்து இந்தப் பெயரோடு திரும்பியிருந்தார். மருந்து கிடையாது, கத்தி கிடையாது. முதுகெலும்பை அழுத்துவார், கழுத்தைத் திருப்புவார். நசுங்கிய நரம்பு விடுபடும் என்பார்.

வெள்ளைத்துரைக்கு நசுங்கியதும் அப்படி ஒரு நரம்புதான். மேலூர் ரோட்டில் ஒரு திருடனைத் துரத்தும்போது சைக்கிளிலிருந்து விழுந்தார். அன்றிலிருந்து கழுத்தில் ஒரு வலி. அது தோளில் இறங்கி, முழங்கையைச் சுற்றி, கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வந்து செத்துப்போகும். அந்த இரண்டு விரலும் இருப்பதே தெரியாது. பெரியாஸ்பத்திரியில் பிளாஸ்திரி ஒட்டி, "பொறுத்துப் பாருங்க" என்றார்கள்.

பொறுக்க நாள் இல்லை. வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்கு மெடிக்கல் போர்டு. துப்பாக்கியைப் பிடித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் இருபத்திரண்டு வருஷச் சர்வீஸ் அன்றோடு சரி.

யாருக்கும் தெரியாமல் இரண்டு தடவை கழுத்து டாக்டரிடம் வந்தார். வலி கொஞ்சம் குறைந்தது. குறைத்தது டாக்டரின் கையா, ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியா, கடந்துபோன நாளா...? அவரால் முடிவு கட்ட முடியவில்லை. மூன்றாவது தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வந்தார்.

பெஞ்சில் பிணம்!

*

"ஐயா, இதுல ரோசிக்க என்ன இருக்கு?" என்றார் ஏட்டு மொக்கையன், சனிக்கிழமை காலை ஸ்டேசனில். "மாடிக்கு ஒரே படி. தங்கப்பொண்ணு மேல ஏறுற வரைக்கும் கீழ வீதியப் பெருக்கிக்கிட்டு இருந்திருக்கா. ஒருத்தரும் ஏறல, ஒருத்தரும் எறங்கல. மேல இருந்தது ரெண்டே பேரு. ரெண்டு கையாலயும் புடிச்சுத் திருகியிருக்காகன்னு ஆஸ்பத்திரிக் காயிதம் சொல்லுது. மச்சினனுக்கு ஒரு கை விளங்கல. மிச்சம் யாரு?"

"டாக்டருக்கு என்னய்யா கோபம் அவர் மேல?"

"கோபம் எதுக்கு? திருகுறதுதான தொழிலு. கொஞ்சம் கூடப் போயிருச்சு."

வெள்ளைத்துரை லாக்கப் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றார். டாக்டர் பாயில் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர், கை தவறிப் போச்சுன்னா சொல்லிருங்க. கொலைக் கேசு வேற, விபத்து வேற."

"நான் செய்யல, இன்ஸ்பெக்டரய்யா. முதுகை அழுத்திவிட்டு வென்னீர்ப் பைய வச்சேன். இருவது நிமிசம் அசையாம படுங்கன்னு சொல்லிட்டு, அடுத்து வர்ற உங்களுக்கு வென்னி போட அடுப்படிக்குப் போனேன்."

"அதுக்கு என்ன சாட்சி?"

டாக்டர் சுவரைப் பார்த்தபடி திரும்பிக்கொண்டார்.

மொக்கையன் பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கோச்சுக்கிராதீக ஐயா. நீங்க அந்த மாடிக்குப் போய் வந்தது ஸ்டேசனுக்கே தெரியும். ஒங்க கட்டவெரலுக்காக ஒரு கொலகாரன விட்டுட்டீகன்னு பேசுவாக!"

அடி வலிக்க வேண்டிய இடத்தில்தான் விழுந்தது. ஆனால் வெள்ளைத்துரைக்கு வலிக்கவில்லை. அதுவே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"போய்ச் செத்தவர் வீட்டைப் பாத்துட்டு வாரேன்" என்றார்.

*

மகாலுக்குப் பின்னால் சௌராஷ்டிரர் தெரு. ராஜாராமின் மனைவி சாரதாம்பாள் அழுது முடித்து, சுவரில் சாய்ந்திருந்தாள்.

"அவருக்கு விரோதின்னு யாராவது...?"

"விரோதி யாருன்னு தெரிஞ்சிருந்தா இந்தக் குடும்பம் எப்பவோ நிம்மதியா இருந்திருக்குங்க. எங்க பொண்ணு வசுந்தராவுக்கு மூணு இடம் பேசினோம். மூணும் மொட்டைக் கடுதாசி வந்து முறிஞ்சுபோச்சு. 'பொண்ணுக்கு வலிப்பு நோய்'னு ஒண்ணு. மத்தது வாயால சொல்ல முடியாது."

"எழுதினது யாருன்னு பாக்கலையா?"

"பாக்கணும்னுதான் அவர் சொன்னார். வீட்டுல, கடையில, எல்லாரையும் ஒரு வரி எழுதச் சொல்லி ஒத்துப் பாக்கிறேன்னார். அதுக்குள்ள என் தம்பிக்குக் கை இப்படி ஆயிடுச்சு. அவனைக் கூட்டிக்கிட்டு வைத்தியத்துக்கு அலையவே அவருக்குப் பொழுது சரியாப் போச்சு. அலைஞ்சதுல அவருக்கும் முதுகு பிடிச்சுக்கிச்சு."

"தம்பிக்குக் கை எப்ப அப்படி ஆச்சு?"

"அவர் எழுதச் சொல்லணும்னு சொன்னாரில்ல... அதுக்கு மறுநாள்."

வெள்ளைத்துரை நிமிர்ந்தார்.

உள்ளறைக் கதவருகே வெங்கடரமணன் நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, கை எப்படி இருக்கு?"

"செத்த கை சார். மணிக்கட்டு வரைக்கும் ஒண்ணும் தெரியாது."

"எந்தெந்த விரலு?"

"அஞ்சும்தான்."

"கழுத்து வலிக்குதா? தோள்ல சுருக்குனு இறங்குதா?"

"அதெல்லாம் கிடையாது. கை மட்டும்தான். உறை மாட்டின மாதிரி இருக்கும்."

வெள்ளைத்துரை தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். கட்டைவிரல் இல்லை. ஆள்காட்டி விரல் இல்லை. சுண்டுவிரல் சுகமாக உயிரோடு இருந்தது. நரம்பு போகிற வழியில்தான் மரத்துப்போகும். மணிக்கட்டில் கோடு கிழித்துக்கொண்டு எந்த நரம்பும் சாவதில்லை.

மரத்த கை எப்படி இருக்கும் என்று மரக்காதவன் நினைத்துச் சொன்னால்... இப்படித்தான் சொல்வான்!

"நாளைக்கு ஸ்டேசனுக்கு வந்து ஒரு கையெழுத்து... சரி, கைநாட்டாவது வச்சுட்டுப் போங்க" என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெங்கடரமணன் ஸ்டேசன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கண்ணைத் துண்டால் கட்டியிருந்தது.

"எதுக்கு சார் இதெல்லாம்?"

"டாக்டரைத் தூக்குல போடணும்னா உங்க கை விளங்காதுன்னு நான் எழுதிக் குடுக்கணும் தம்பி. சின்னச் சோதனை. ஊசியால குத்துவேன். தெரிஞ்சா 'ஆமா'னு சொல்லுங்க. தெரியலைன்னா 'இல்ல'னு சொல்லுங்க. அம்புட்டுதான்."

"சரி சார்."

இடது கையில் குத்தினார்.

"ஆமா."

இன்னொரு விரல்.

"ஆமா."

வலது கைக்கு வந்தார். கட்டைவிரலில் குத்தினார்.

"இல்ல."

சுண்டுவிரல்.

"இல்ல."

உள்ளங்கை.

"இல்ல."

வெள்ளைத்துரை ஊசியை எடுத்துவிட்டுச் சும்மா நின்றார். சுவர்க் கடிகாரம் நகர்ந்தது. மொக்கையன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வெங்கடரமணன் வாயைத் திறக்கவில்லை.

அரை நிமிடம்... ஒரு நிமிடம்...

நடுவிரலில் நறுக்கென்று ஒரு குத்து!

"இல்ல."

மொக்கையனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் ஏட்டய்யா சிரிக்கிறாரு?" என்றான் வெங்கடரமணன்.

"பெரியாஸ்பத்திரியில எனக்கும் இதே சோதனை வச்சாங்க தம்பி" என்றார் வெள்ளைத்துரை. "செத்த விரல்ல குத்தினப்ப நான் சும்மாவே இருந்தேன். குத்தினதே தெரியாதப்ப என்னத்தச் சொல்ல? நீங்க என்னடான்னா, நான் குத்தாம இருந்தா பேச மாட்டேங்கிறீங்க. குத்தின உடனே சரியா 'இல்ல'ங்கிறீங்க. குத்தினது யாரு சொல்லித் தெரிஞ்சுச்சு?"

வெங்கடரமணன் துண்டைப் பிய்த்து எறிந்தான்.

வலது கையால்!

அதைத் தானே பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். பிறகு தரையைப் பார்த்தபடி பேசினான். அழவில்லை.

"வசு எனக்கு முறைப்பொண்ணு சார். தாய்மாமன் நான் இருக்கும்போது அவர் பரமக்குடியிலயும் சேலத்துலயும் போய் மாப்பிள்ளை தேடினார். நான்தான் எழுதினேன். எழுத்தை ஒத்துப் பாப்பேன்னு அவர் சொன்னதும் கையைக் கட்டிக்கிட்டேன்."

"அன்னிக்கு மாடியில என்ன நடந்துச்சு?"

"விசிறிவிடக் கூப்பிட்டார். அவர் முதுகுல இருந்த வென்னீர்ப் பை சரிஞ்சு விழுந்துச்சு. சட்டுனு பிடிச்சுட்டேன்... இந்தக் கையால. அவர் திரும்பிப் பாத்துட்டார். 'அடப்பாவி, அப்ப கடுதாசி எல்லாம்...'னு ஆரம்பிச்சார். முடிக்க விடலை."

மொக்கையன் விலங்கை எடுத்தார். இரண்டு கைக்கும் சேர்த்து மாட்டினார்.

*

திங்கட்கிழமை காலை ஏழு மணி.

போர்டுக்கு இன்னும் மூன்று மணி நேரம். வெள்ளைத்துரை லாக்கப்பைத் திறந்துகொண்டு உள்ளே போனார். டாக்டர் பாயில் உட்கார்ந்திருந்தார்.

"வெங்கடரமணன் ஒத்துக்கிட்டான் டாக்டர், ராத்திரியே ஜெயிலுக்கு அனுப்பியாச்சு. உங்களை விட உத்தரவு இப்பத்தான் வந்துச்சு, நீங்க போகலாம்."

டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

மொக்கையன் இரண்டு பித்தளைத் தம்ளரில் காபி கொண்டுவந்தார். அடுப்பிலிருந்து அப்படியே இறக்கியது. துண்டைச் சுற்றிப் பிடித்திருந்தார். வெள்ளைத்துரை இடது கையால் தொட்டுவிட்டு, "யப்பா!" என்று கீழே வைத்தார்.

டாக்டர் வலது கையால் தம்ளரை இறுகப் பிடித்தார். பிடித்துக்கொண்டே இருந்தார். அவசரமே படாமல் ஊதிக் குடித்தார்.

விரல் நுனி சிவந்து கொண்டிருந்தது.

"டாக்டர்...! சுடலையா?"

டாக்டர் குனிந்து பார்த்தார். ரொம்பத் தாமதமாகத் தம்ளரை வைத்தார்.

"எத்தனை நாளா?" என்றார் வெள்ளைத்துரை.

"ஒரு வருசமாச்சு. கட்டைவிரலு, ஆள்காட்டி, நடுவிரலு. பிடியும் கிடையாது. இந்தக் கையால ஒரு கோழிக் கழுத்தக்கூடத் திருக முடியாது."

"யோவ்! இதை அன்னிக்கே சொல்லியிருந்தா உங்களைப் பூட்ட நான் லாக்கப்பையே தொறந்திருக்க மாட்டேனே!"

"சொன்னா தூக்கு தப்பும். கழுத்து டாக்டருக்கே கழுத்து நரம்பு நசுங்கிருச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் அந்தப் படியில ஏறுவான்? டாக்டராவே செத்துரலாம்னு இருந்துட்டேன்."

வெள்ளைத்துரை தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"அப்ப... என் கழுத்துல என்ன பண்ணீங்க?"

"கைய வச்சேன்."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

"எனக்கு வலி குறைஞ்சுச்சே!"

"என் பெஞ்சுல அரை மணி நேரம் அசையாம படுத்தீக. வேற எங்க அப்படிப் படுத்திருக்கீக?" டாக்டர் கையைத் தேய்த்துக்கொண்டார். "கை நல்லா இருந்த காலத்துல நெசமாவே திருப்பிவிட்டிருக்கேன் ஐயா. சில பேருக்கு உடனே கேட்டுச்சு. சில பேருக்குக் கேக்கல. ஒருத்தருக்கு முன்னைய விட மோசமாச்சு. இந்த ஒரு வருசம் சும்மா கைய மட்டும் வச்சேன். இப்பவும் முக்காவாசிப் பேரு நல்லாத்தான் போறாக. நரம்புக்கு நாள் குடுத்தா பெரும்பாலும் தானா விட்டுக்குடுக்குது."

"உங்களுக்கு விட்டுக்குடுக்கலையே?"

"நான் எங்க படுத்தேன்? வாசல்ல ஆளு நிக்கும்ல!"

வெளியே டெலிபோன் அடித்தது. மொக்கையன் ஓடினார்.

"போர்டுல துப்பாக்கியத் தூக்கிப் பெலத்தக் காட்டப்போறேன்னு நிக்காதீக" என்றார் டாக்டர். "உள்ளதச் சொல்லி ஆறு வாரம் லீவு கேளுங்க. படுங்க. எங்கிட்டயும் வராதீக, எவன்கிட்டயும் கழுத்தக் குடுக்காதீக."

"லீவு குடுப்பாங்க டாக்டர். என் வீட்டுல நாலு புள்ளைக. கடைக்குட்டி ஜெயக்கொடி ஒருத்தி போதும், நூறு நரம்பு நசுங்கும். எங்க போய்ப் படுக்க?"

மொக்கையன் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"ஐயா! தெப்பக்குளத்துல ஒரு பொணம் மெதக்குதாம்! உடனே வரச் சொல்றாக!"

வெள்ளைத்துரை எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். இரண்டையும் மொக்கையன் கையில் கொடுத்தார்.

"டாக்டர், கொஞ்சம் எந்திரிங்க. அந்தப் பாய் எனக்கு வேணும்... யோவ் ஏட்டு, பத்து மணி வரைக்கும் என்னைய உள்ள வச்சு வெளிய பூட்டிட்டுப் போ!"