சூடு ஆறாத சீசா

பஸ்ஸில் இடம் பிடிக்க லேப் டெக்னீஷியன் ஆரோக்கியநாதன் ஜன்னல் வழியே துண்டை வீசினான். இடம் கிடைத்தது. துண்டுக்குள் சுற்றி வைத்திருந்த சீசா உடைந்தது.

மலைக்காரி செல்லியின் கழுத்துக் கட்டியிலிருந்து டாக்டர் ஊசியால் எடுத்த நீர் அதில் இருந்தது. உயிரணுக்கள் குளிர்ந்தால் செத்துவிடும் என்று மலையிலிருந்து அடிவாரத்து ஆலங்காயம் வரை மார்போடு அணைத்து வந்தவன்தான். ஜன்னலோர ஆசை யாரை விட்டது? “பஸ் குலுங்கிடிச்சு சார்” என்று லேபில் புளுகிவிட்டு, மறுவாரம் மறுபடி மலையேறினான்.

ஜவ்வாது மலையின் அந்தப் பழைய ஆஸ்பத்திரியைப் பகலிலேயே பனி மூடியிருந்தது.

“செல்லி எப்படி இருக்கா சிஸ்டர்?”

“மொதல்ல காபி குடிங்க” என்று ஞானமேரி சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

அவன் வார்டுக்குள் எட்டிப் பார்த்தான். ஈர மண் வாசனை.

கடைசிக் கட்டிலில் செல்லி உட்கார்ந்திருந்தாள். கழுத்தை முந்தானை மூடியிருந்தது.

“வந்துட்டியா சாரு? இந்த தபா துண்டு போட்டுடாதே.”

அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

“புளியமரத்துப் பேயி என் கழுத்தைப் புடிச்சிருக்காம். அடுத்து எம் பொண்ணு வசந்தியப் புடிக்குமாம். ஊத்துல ஊர்சனம் அவள தண்ணி மொள்ள வுடல. பேயாம் பேயி! உள்ள ஏதோ முறிஞ்சிருக்கும்னியே, இன்னா அது?”

“குரோமோசோம்னு நூலு மாதிரி. எட்டாவதுல ஒரு துண்டு முறிஞ்சு பதினாலாவதுல ஒட்டிக்கும். அது இருந்தா புத்துநோய்தான். பேயில்ல. தாய்கிட்டேர்ந்து பொண்ணுக்கு வராது.”

“அத்த கண்ணால பாத்து ஊருக்குச் சொல்லு.”

கட்டி நீர் நிறைந்த ஒரு சீசாவை நீட்டினாள். விரல்கள் ஜில்லென்றிருந்தன.

சீசா சுட்டது.

பின்னால் டம்ளர் விழுந்த சத்தம். சிஸ்டர்.

“யார்கிட்ட பேசறீங்க?”

திரும்பினான். கட்டிலில் மெத்தைகூட இல்லை.

கையில் சீசா இருந்தது. அதைச் சட்டைக்குள் திணித்துப் பொத்தானைப் போட்டான். பேயே வந்து பேயில்லை என்கிறது, இவன் பயந்து ஓடினால் வசந்தியை யார் ஊற்றில் தண்ணீர் மொள்ள விடுவார்கள்?

“நேரா சொல்லுங்க சிஸ்டர். செல்லி எங்கே?”

“போன வெள்ளிக்கெழமையே பொதைச்சிட்டோம்ங்க.”

நெஞ்சில் சீசா இன்னும் சுட்டது.