நாற்பத்தொன்றாவது அலைக்குடை

செவ்வாய்க் கோளின் தென்குழிக் குடியிருப்பில் மாதத்தின் முதல் நாள் காலையில், முந்தைய நாள் வியர்வையிலிருந்து வடித்தெடுத்த நீரில் காப்பி கலப்பதற்கும் முன்பாக, வீட்டுக்கு வீடு ஒரே வேலை நடக்கும். குடும்பத் தலைவர் மனைக்கணியின் முன் அமர்வார். மனைவியும் மக்களும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பார்கள். அவர் இடக்கையால் விசைகளை மறைத்துக்கொண்டு, வலக்கையால் புதிய கடவுச்சொல்லை அடிப்பார். "ஆச்சு" என்று அவர் சொன்ன பிறகே மற்றவர்கள் திரும்பலாம். கட்டிய மனைவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்துவதை அங்கே எவரும் குறையாக நினைத்ததில்லை. பல் துலக்குவதைப் போல அதுவும் ஒரு காலைக்கடன்.

மனைக்கணி என்பது வெறும் கணக்குப் பெட்டி அன்று. நிலத்தடியில் புதைத்த ஒற்றைக் கம்பிவடம் எல்லா வீடுகளுக்கும் கிளை பிரிந்து வந்தது. அதில் வரும் செய்தியை வாங்கி, வீட்டைச் சுற்றிலும் அலையாகப் பரப்புவது மனைக்கணியின் பொறுப்பு. பூமியில் ஒரு காலத்தில் ஹாட்ஸ்பாட் என்று அழைக்கப்பட்ட எளிய வசதியின் பேரப்பிள்ளை அது; தென்குழியார் அதற்கு அலைக்குடை என்று பெயரிட்டிருந்தனர். வெளியே செல்வோர் அணியும் புறவுடை அந்தக் குடையின் கீழ் வந்ததும் தானாக இணையும். இணைந்துவிட்டால் பேசலாம், வீடு இருக்கும் திசையை முகக்கண்ணாடியில் ஓர் அம்புக்குறி காட்டும், அருகில் வந்ததும் கதவு திறக்கும். இணையாவிட்டால், உள்ளே இருப்பவர் செவ்வாய் மண்ணில் நடமாடும் ஊமை. புழுதிக்காற்று வீசினால் குருடரும் ஆவார்.

அறவாழி அக்குடியிருப்பின் அலைத்துறைப் பழுதுநீக்குநர். இருபத்திரண்டு ஆண்டுப் பணி. அலைக்குடைகளைக் காக்கும் மூன்று விதிகளையும் வகுத்தவர் அவரே. கடவுச்சொல் இல்லாமல் குடை விரித்தல் கூடாது; ஒருமுறை வைத்த கடவுச்சொல்லை மறுமுறை வைத்தல் கூடாது; பத்து முறை தவறான கடவுச்சொல்லோடு வரும் கருவியை ஒரு நாள் முழுவதும் விலக்கிவைத்தல் வேண்டும். அடுத்த வீட்டார் நம் குடையில் ஒதுங்கினால் நமக்குக் குறைவது ஒன்றுமில்லை என்பதைக் கருவி கொண்டு அளந்து பார்த்தவரும் அவரே. ஆயினும் தம் குடையில் பிறர் ஒதுங்குவது எவருக்கும் பொறுக்கவில்லை. விதிகள் ஒருமனதாக நிறைவேறின.

அன்றும் முதல் நாள். அறவாழி புதிய கடவுச்சொல்லை அடித்து முடித்தபோது அவருடைய ஒரே மகள் நன்முல்லை வீட்டில் இல்லை. இருபத்துமூன்று வயதினளான அவள், சூரியத் தகடுகளில் படிந்த புழுதியைத் துடைக்கும் பணிக்காக விடியலிலேயே சென்றிருந்தாள். பதினொரு மணிக்கு வானிலை அறிக்கையில் இல்லாத புழுதிக்காற்று ஒன்று கிளம்பியது. சாளரத்துக்கு வெளியே உலகம் மறைந்து, செங்கல்லை அரைத்து அப்பியது போன்ற நிறம் மட்டுமே எஞ்சியது.

அவள் புறவுடையில் இன்னும் இரண்டு மணி நேரத்துக்குக் காற்று இருந்தது. முதலில் அறவாழிக்குக் கலக்கம் எதுவும் இல்லை. குடையின் எல்லைக்குள் வந்துவிட்டால் அம்புக்குறி அவளை அழைத்துவந்துவிடும். வேதவல்லிதான் மனைக்கணியின் திரையைப் பார்த்துவிட்டுக் கணவரை அழைத்தாள்.

"இதுல முல்லை பேர் வருது. வந்து வந்து போகுது. என்னன்னு பாருங்க."

திரையில் 'நன்முல்லை புறவுடை: இணைய முயல்கிறது' என்று எழுத்துகள் தோன்றின, 'இணைய இயலவில்லை' என்று மாறின, மறைந்தன. சிறிது நேரத்தில் மீண்டும் அதே.

எல்லைக்குள் வந்துவிட்டாள். வாசலில் இருந்து ஐந்நூறு அடிக்குள் எங்கோ நிற்கிறாள். உயிரோடு நிற்கிறாள் என்பதற்கு அந்த ஒரு வரியே சான்று.

அறவாழி, பிறர் வீடுகளில் ஆயிரம் முறை செய்ததைத் தம் வீட்டில் செய்யத் தொடங்கினார். குடையை மடக்கி விரித்தார். கணியை அணைத்து முப்பது எண்ணிப் போட்டார். அந்த முப்பதும் அவருக்கு முந்நூறாகத் தோன்றின. வேகமான அலை புழுதியில் திணறும் என்பதால், மெதுவான அலைக்கு மாற்றினார். குடையில் எட்டுக் கருவிகளுக்கே இடம் என்பதால் சோறு பொங்கும் கலத்தையும், நலம் விசாரிக்கும் கண்ணாடியையும், வேதவல்லியின் பேசும் செருப்பையும் ஒவ்வொன்றாக வெளியே தள்ளினார். ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் மகளின் பெயர் வந்தது, முட்டியது, போனது.

பிறகு அவருடைய கை நின்றது. காலையில் புதிய கடவுச்சொல்லைக் குடும்பத்தார் கருவிகளுக்கெல்லாம் தாமே அனுப்பியது நினைவுக்கு வந்தது. அனுப்பிய செய்திகளின் பட்டியலைத் திறந்தார். வேதவல்லிக்குச் சென்று சேர்ந்திருந்தது, செருப்புக்கும் சேர்ந்திருந்தது. நன்முல்லைக்கு உரியது மட்டும் புறப்படாமல் கிடந்தது. அதன் கீழே காரணமும் இருந்தது: 'பெறுநர் இணைந்ததும் வழங்கப்படும்.'

குடைக்குள் வருவதற்கான சொல்லைக் குடையின் கீழேயே வைத்துவிட்டு, மகளை மழையில் நிறுத்தியிருந்தார்.

"பழைய சொல்லையே போட்டுடுங்களேன்" என்றாள் வேதவல்லி. அவள் சொல்வதற்கு முன்பே அவர் அதை அடித்துக்கொண்டிருந்தார். 'முன்பு பயன்படுத்திய கடவுச்சொல்லை மீண்டும் பயன்படுத்துதல் பாதுகாப்பன்று' என்றது கணி. சொல்லே வேண்டாம் என்று அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார். 'கடவுச்சொல் இன்றிக் குடை விரித்தல் விதிக்கு முரணானது' என்றது. இரண்டு வாக்கியங்களும் அவர் இயற்றியவை. அவற்றில் ஒற்றுப்பிழை இல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு நாள் உழைத்திருந்தார்.

மகளின் பெயர் பத்தாம் முறையாக வந்தது. அதன் பின் வேறோர் அறிவிப்புத் தோன்றியது: 'தொடர்ந்து தவறான கடவுச்சொல் அளித்தமையால் இக்கருவி ஒரு நாள் விலக்கிவைக்கப்படுகிறது.' அந்தப் பெயர் அதற்கு மேல் திரையில் வரவில்லை.

அவள் புறவுடையில் இன்னும் ஐம்பது நிமிடங்களுக்கே காற்று இருந்தது.

அவர் அலைத்துறைத் தலைமையகத்தை அழைத்தார். அங்கே மனிதர் எவரும் பேசுவதில்லை. துணைவாய் என்னும் எந்திரக் குரல் பேசும். அது அவருடைய சிக்கல் தனக்கு மிக முக்கியமானது என்றது. கணியை அணைத்துப் போட்டாரா என்று கேட்டது. போட்டதாகச் சொன்னார். மறுபடியும் ஒருமுறை போடச் சொன்னது. தாம் யார் என்பதையும், விதிகள் தம்முடையவை என்பதையும், மகள் வெளியே நிற்பதையும் அவர் சொல்லி முடித்ததும், விலக்கிவைத்த கருவியை உடனே சேர்த்துக்கொள்ள வழி உண்டு என்று அது பரிவோடு கூறியது.

"உரியவரின் ஒப்புதல் இருந்தால் போதும். ஆறு இலக்க ஒப்புதல் எண்ணை நன்முல்லை அவர்களின் புறவுடைக்கு இப்போதே அனுப்பியிருக்கிறோம். அதைக் கேட்டுச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்."

அது உண்மையாகவே காத்திருந்தது. அவர்தாம் அழைப்பைத் துண்டித்தார்.

வேதவல்லி அதற்குள் சுவர்ப்பேசியில் அண்டை வீடுகளை ஒவ்வொன்றாக அழைத்துக்கொண்டிருந்தாள். அனைவரும் பதறினர். ஒருவர் தம் குடையைத் திறந்துவிடத் தமக்கு மனம் இருப்பதாகவும், கணி இசைய மறுப்பதாகவும் சொன்னார். இன்னொருவர், கடவுச்சொல்லை அந்தப் பெண்ணிடம் மட்டும் சொல்லத் தயார், ஆனால் அவளிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டார். மூன்றாம் வீட்டம்மாள் அழுதாள். அழுதுகொண்டே, சொல்வதாக இருந்தாலும் கணவர் பணியிலிருந்து வந்த பிறகுதான் சொல்ல முடியும், தனக்கே அது தெரியாது என்றாள்.

அறவாழி தம் புறவுடையை மாட்டத் தொடங்கினார். வேதவல்லி அவர் தோளைப் பிடித்தாள்.

"கையை நீட்டினா கை தெரியல வெளியில. நீங்களும் போயிட்டா நான் யாரைத் தேடுவேன்?"

"உள்ள உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவர் உள்கதவைத் தாண்டி வெளிக்கதவின் பிடியில் கைவைத்தபோது, சுவர்ப்பேசி கரகரத்தது. பேசியவர் குடியிருப்பின் கடைசி வீட்டுச் சூசைமாணிக்கம். பாசிப்பாத்திகளில் வேலை செய்பவர், தனியாள். நடைவழியில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வார் என்பதற்கு மேல் அவரைப் பற்றி அறவாழிக்கு எதுவும் தெரியாது.

"சார், தப்பா நெனைக்காதீங்க" என்றது அந்தக் குரல். "உங்க பொண்ணு எங்க வீட்டு அடுப்படியில ஒக்காந்திருக்கு. நான் கூப்பிடல, சத்தியமா. தூங்கி எந்திரிச்சு வந்து பாத்தேன், இருக்கு. தண்ணி குடுத்திருக்கேன்."

வீடுகளை இணைக்கும் நிலத்தடி நடைவழியில் கணவனும் மனைவியும் ஓடினர். சூசைமாணிக்கத்தின் சமையற்கட்டில், புறவுடையைக் கழற்றி அடுப்பருகே வைத்துவிட்டு, இரு கைகளாலும் குவளையைப் பிடித்தபடி நன்முல்லை அமர்ந்திருந்தாள். வேதவல்லி மகளின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள், நெடுநேரம் விடவில்லை. அறவாழி மகளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே அமர்ந்துவிட்டார்.

நன்முல்லை நடந்ததை மெல்லச் சொன்னாள். வீட்டுக் குடை விலக்கியதும் புறவுடை வேறு குடைகளைத் தேடியது. ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் பெயர் காட்டியது.

"எல்லார் வீட்டுப் பேரும் வரிசையா வந்துச்சுப்பா. எல்லாம் தெரிஞ்சவங்க. பாதிப்பேர் வீட்டுல நான் சாப்பிட்டிருக்கேன். ஒருத்தர் விடாம கடவுச்சொல் கேட்டாங்க. கடைசியில இந்த மாமா பேர் வந்துச்சு. அது ஒண்ணுதான் எதுவும் கேட்கல."

நாற்பது குடைகள் மறுத்த பிறகு, நாற்பத்தொன்றாவது குடை அம்புக்குறி காட்டி, கதவைத் திறந்துவிட்டிருந்தது. அவள் உள்ளே வந்தபோது புறவுடையில் பன்னிரண்டு நிமிடங்களுக்கே காற்று மீதமிருந்தது.

அறவாழி எழுந்து சூசைமாணிக்கத்தின் இரு கைகளையும் பற்றினார். இந்த ஊரில் ஒருவராவது வீட்டைத் திறந்துவைக்கும் மனம் உடையவராக இருந்தாரே என்று தழுதழுத்தார். சூசைமாணிக்கம் நெளிந்தார். பாராட்டுக்குப் பழகாதவரின் கூச்சம் என்றே மற்றவர்கள் எண்ணினர்.

"அதெல்லாம் இல்ல சார்" என்றார் அவர். "நான் வேணும்னு தொறந்து வைக்கல. என் பெட்டி மொதக் கப்பல்ல வந்த பெட்டி. பூட்டுப் போடுற பக்கம் வேலையே செய்யாது. மூணு வருசமா உங்க ஆபீசுக்கு எழுதிக்கிட்டு இருக்கேன். ஏழு தடவ எழுதிட்டேன்."

அறவாழிக்கு நினைவு வந்தது. ஏழு விண்ணப்பங்களையும் அவரே படித்திருந்தார். எழுத்துப்பிழைகளைச் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியதும், பிழை குறைந்து வந்த கடைசி இரண்டை 'அவசரமன்று' என்னும் அடுக்கில் வைத்ததும் நினைவுக்கு வந்தன. தாம் செய்யாமல் விட்ட ஒரு வேலையால் தம் மகள் உயிரோடு இருக்கிறாள் என்பது அவருக்கு விளங்கியது. விளங்கியதும், சூசைமாணிக்கத்தை மூன்று ஆண்டு அலைக்கழித்துவிட்டோமே என்ற குற்றவுணர்வே மற்றெல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

"உங்களுக்கு நான் என்ன செய்யணும்? எதுவா இருந்தாலும் கேளுங்க" என்றார்.

சூசைமாணிக்கம் சற்றுத் தயங்கினார்.

"ஊருல எல்லாரும் பூட்டிட்டு நிம்மதியாத் தூங்குறாங்க. நான் மட்டும் தொறந்து போட்டுட்டு வாழுறேன். அசிங்கமா இருக்கு சார். அதை மட்டும் சரி பண்ணிக் குடுத்தீங்கன்னா போதும்."

அறவாழி உடனே வீட்டுக்கு ஓடிக் கருவிப்பெட்டியுடன் திரும்பினார். பழைய பெட்டியின் பின்மூடியைக் கழற்றி, கருகிய சில்லு ஒன்றை எடுத்துவிட்டு, தம் சேமிப்பிலிருந்த புதிய சில்லைப் பொருத்தினார். அத்தனை நேர்த்தியாக அவர் வேலை செய்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நன்முல்லை தாயின் அணைப்பிலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அதை அப்படியே விட்டுடுங்களேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய கண்கள் இன்னும் கலங்கியிருந்தன.

"உன் உயிரைக் காப்பாத்தின மனுஷர்மா. இதுகூடச் செய்யலேன்னா நாம என்ன மனுஷங்க?"

வேதவல்லியும் தலையசைத்தாள். இவ்வளவு பெரிய உதவிக்கு இது மிகச் சிறிய கைம்மாறு என்றே அவளுக்கும் பட்டது.

வெளியே புழுதி அடங்கவில்லை. சூசைமாணிக்கம் தம் வாழ்நாளின் முதல் கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். முடித்துவிட்டு, பரிசு பெற்றவரைப் போல நிமிர்ந்து சிரித்தார். அடுப்பருகே கிடந்த புறவுடையின் முகக்கண்ணாடியில் அதுவரை ஒளிர்ந்துகொண்டிருந்த அம்புக்குறி அணைந்தது. சூசைமாணிக்கம் என்னும் பெயர் மட்டும் அங்கே தோன்றியது; அதன் கீழே ஒரு வெற்றுக் கட்டம் வந்து நின்று, நன்முல்லையிடம் கடவுச்சொல் கேட்டது.