தொட்டிலின் மூத்த பிள்ளை

“தொட்டிலில் ஏற்கெனவே ஒரு குழந்தை இருக்கிறது” என்றது கட்டிலை ஒட்டிப் பூட்டியிருந்த அணைதொட்டில். “ஒரு தொட்டிலுக்கு ஒரு குழந்தைதான். மன்னிக்கவும்.”

தளவாய் எட்டிப் பார்த்தான். உள்ளே ஒரு மஞ்சள் துணிச் சுருளைத் தவிர ஈ, எறும்புகூட இல்லை. பக்கத்தில் இருபத்தொரு நாள் மகளைக் கையில் ஏந்தியபடி அவன் மனைவி செண்பகம் நின்றாள். தாய்வீட்டில் பிள்ளை பெற்று, இப்போதுதான் ஆரத்தி எடுத்து வீட்டுக்குள் வந்திருந்தாள்.

“என்னங்க இது? ஒரு மாசமா இதப் பத்தித்தான போன்ல பேசுனிய?”

பேசினான்தான். பாளையங்கோட்டையில் அவன் ஏறி இறங்காத தொட்டில் கடை இல்லை. தொட்டில் மெத்தையும் கட்டில் மெத்தையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், நடுவே விரல்கூட நுழையக் கூடாது, குழந்தை படுக்கும் மெத்தை அமுங்காமல் கெட்டியாக இருக்க வேண்டும் என்று கடைக்காரர் கொட்டாவி விடும்வரை கேள்வி கேட்டுத்தான் இதை வாங்கினான். தொட்டிலின் வாரைக் கட்டிலோடு இறுக்கி, உலுக்கியும் பார்த்தான்.

இந்தத் தொட்டில்கள் வந்த பிறகு ஊரில் பெற்றோர்கள் எல்லாரும் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு திரிந்தார்கள். உள்ளே எடை விழுந்ததும் தொட்டிலின் மூச்சறிவான் விழித்துக்கொள்ளும். முதலில் எந்த மூச்சைக் கேட்கிறதோ அதுவே அதன் பிள்ளை. பிள்ளையின் முகத்தில் துணி விழுந்தால் இரண்டு மென்கைகள் நீண்டு எடுத்துவிடும். குப்புறக் கவிழ்ந்தால் மல்லாத்தும். சிணுங்கினால் பாடும்.

தளவாயின் அக்கா முப்பிடாதி உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

தொட்டில் வந்து இறங்கிய அன்றே அக்காவும் வந்து இறங்கியிருந்தாள். “ஏலே, வெறுந்தொட்டில் வீட்டுல கெடக்கலாமா? ஆகாதுல்லா!” என்று அம்மிக் குழவியை மஞ்சள் துணியில் சுற்றி உள்ளே கிடத்தினாள். சரியாக மூன்று கிலோ. தொட்டில் விழித்தது, மூச்சைத் தேடியது. கல்லுக்கு ஏது மூச்சு? பக்கத்துக் கட்டிலில், தொட்டிலைப் பார்த்தபடியே ஆசையாய்ப் படுத்திருந்த தளவாயின் மூச்சுதான் அதற்குக் கிடைத்தது.

“அன்னைக்கிலேர்ந்து என் தலகாணிய உருவுது” என்றான் தளவாய், தரையைப் பார்த்துக்கொண்டு. “குப்புறப் படுத்தா பெரட்டிப் போடுது. ஒத்திக பாக்குதுன்னுல்லா நெனச்சேன்.”

“தாலாட்டு?”

“பாடுச்சு.”

“நீங்க?”

“தூங்கிட்டேன்.”

செண்பகம் சிரித்த சிரிப்பில் குழந்தை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. முப்பிடாதி ஓடிப்போய்த் துணியோடு குழவியை வெளியே எடுத்துப் பார்த்தாள். தொட்டில் அசையவில்லை. அதன் தடுப்பு ஏறியே நின்றது.

“போவுது விடு. நடுக்கட்டில்ல பிள்ளையப் போட்டு, ரெண்டு பக்கமும் தலகாணிய அண்டக்குடுப்போம்” என்றாள் அக்கா.

“தலையணை கூடாது!” என்று தொட்டிலும் தளவாயும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அவனுக்கு அழுகை முட்டியது. கை எட்டும் தூரத்தில், தனக்கென்று ஓர் இடத்தில், மகள் பத்திரமாகத் தூங்குவாள் என்று செண்பகத்திடம் எத்தனை முறை சொல்லியிருப்பான்! வந்த முதல் நாளே அந்த இடத்தை அவனே பிடித்துக்கொண்டிருக்கிறான்.

“சரி, ஒரு பிள்ளைய நீ எப்பத்தான் வெளிய விடுவ?” என்று தொட்டிலிடமே கேட்டான்.

“கையூன்றி, முட்டி போட்டு எழத் தொடங்கிய குழந்தைக்கு அணைதொட்டில் ஆபத்து. அன்று விடைகொடுப்பேன்.”

மாவட்ட நீர்ப்பங்கீட்டு அலுவலரான தளவாய், வயது நாற்பத்தொன்று, புது வேட்டியோடு கட்டிலில் ஏறிப் படுத்தார். புரண்டார். மென்கைகள் உடனே மல்லாத்திவிட்டன. மறுபடி புரண்டார், மறுபடி மல்லாத்தின. “ஊனுல! கைய ஊனுல!” என்று அக்கா கை தட்டினாள். மூன்றாம் முறை தளவாய் பல்லைக் கடித்துக் கையை ஊன்றி, முட்டி போட்டு எழுந்து, இரண்டடி தவழ்ந்தும் காட்டினான்.

தொட்டிலில் நாதசுரம் ஒலித்தது. “வாழ்த்துகள்! உங்கள் குழந்தை வளர்ந்துவிட்டது.”

தடுப்பு இறங்கியது. இறுக்கி விரித்த ஒரு விரிப்பு தவிர உள்ளே வேறெதுவும் இல்லை. செண்பகம் மகளை மல்லாக்கக் கிடத்தினாள். மூச்சறிவான் பச்சையாய் மினுங்கியது. அந்தப் பச்சையைக் கண்டு தளவாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவனும் படுத்தான். தலைக்குத் தலையணை வைத்துக்கொண்டான். யாரும் உருவவில்லை. குப்புறப் புரண்டான். யாரும் திருப்பவில்லை. தாலாட்டு கேட்டது, ஆனால் மெல்ல, அந்தப் பக்கமாக. தலையைத் தூக்கித் தொட்டிலை எட்டிப் பார்த்தான். சீ, வெட்கக்கேடு என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

தொட்டில் தாழ்ந்த குரலில் பேசியது. “தாயின் கவனத்துக்கு. புதுக் குழந்தை வந்ததும் மூத்த குழந்தை ஏங்கும். அதட்ட வேண்டாம். கொஞ்சம் தட்டிக்கொடுங்கள்.”

செண்பகம் மகளைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். மெதுவாக அவன் தலையணையை உருவி எடுத்தாள்.

“மல்லாக்கப் படுங்க” என்று சொல்லி, நெஞ்சில் தட்டிக்கொடுத்தாள். மகளுக்கு முன்னால் அவன் தூங்கிப்போனான்.