வலி எங்கே போனது?

காலை 6.40. சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு வடக்கே கரையேறிய ஃபைபர் படகிலிருந்து இறங்கிய இருசப்பன், இரண்டடி வைத்து மணலில் குப்புற விழுந்தார்.

பத்து மணிக்கெல்லாம் குற்றவாளி யாரென்று ஊர் முடிவு செய்துவிட்டது. மருமகள் பிரியங்கா. தினமும் அவருக்கு ப்ரஷர் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான்.

"விஷம் வெச்சிட்டா மேடம்!" வாசலிலேயே மறித்தாள் இருசப்பனின் மனைவி சம்பூர்ணம். "நேத்து வரிக்கும் காளை மாதிரி வலை இழுத்துகினு இருந்த மனுசன்!"

சப் இன்ஸ்பெக்டர் பவானிக்கும் பிரியங்கா மீதுதான் சந்தேகம். அழவேண்டிய நேரத்தில் அழாத முகத்தை அவள் நம்புவதில்லை. மாத்திரை அட்டையைப் பார்த்தாள். கணக்குக்கு மேல் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.

"சாப்பாடு?"

"எல்லாரும் ஒரே சட்டியிலதான் துன்னோம்," என்றாள் பிரியங்கா.

"மாமனாரோட சண்டையா?"

"அவருக்குச் சட்டை மாட்டி வுடுறதே நான்தான் மேடம். தோளைத் தூக்க முடியாது. கொஞ்ச நாளாதான் அவரே மாட்டிக்கிறாரு."

பவானியின் போன் அடித்தது. இருசப்பனைச் சேர்த்திருந்த செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர்.

"கிட்னி ரெண்டும் அடிவாங்கியிருக்கு. ப்ரஷரும் எகிறுது. உள்ளே என்ன போச்சுன்னு சீக்கிரம் சொல்லுங்க. இல்லேன்னா கஷ்டம்."

கையைத் தூக்க முடியாதவர் காளை மாதிரி வலை இழுத்தாரா? பவானி கடற்கரைக்கு நடந்தாள். இருசப்பனோடு அதே படகில் கடலுக்குப் போகும் ரமேஷ் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"அவருக்குத் தோள்வலி எப்படிப் போச்சு?"

"மாத்தரதான் மேடம். என் முதுகுவலிக்குக் கடையில வாங்கனது. வலை இழுக்கறதுக்கு முன்ன ஆளுக்கு ஒண்ணு."

"அவருக்கு ஏன் குடுத்த?"

இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தான். "போட்டுல ஒருத்தன் மட்டும் துன்னா அது இன்னா பொழப்பு? பீடியோ டீயோ, எல்லாத்துலயும் பங்கு உண்டு. நாங்களுந்தான் போட்டோம். நல்லாத்தானே கீறோம்?"

"தண்ணி குடிச்சாரா?"

"எங்க! ப்ரஷர் மாத்தர போட்டா ஒண்ணுக்கு முட்டுதாம். கடல்ல தண்ணியத் தொடவே மாட்டாரு."

இடுப்பிலிருந்து அந்த வலி மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தான். படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பிவிட்டு, அவரோடு பேசிக்கொண்டே பவானி திரும்பி வந்தாள். வாசலில் கூட்டம் குறையவில்லை.

"குடுத்தது பிரியங்கா இல்ல. ரமேஷ். அவனும் கெடுக்கணும்னு குடுக்கல," என்றாள் பவானி. "ப்ரஷர் மாத்திரையோட தினமும் இந்த வலி மாத்திரை. போதாததுக்கு உடம்புல தண்ணி இல்ல. மூணும் சேர்ந்து கிட்னிய நெரிச்சிடுச்சு. ரமேஷ் ப்ரஷர் மாத்திரை போடறதில்ல, தப்பிச்சான். ப்ரஷர் மாத்திரைய நாமளா நிறுத்தவும் கூடாது. வலிக்கு எது போடலாம்னு டாக்டர கேட்கணும்."

சம்பூர்ணத்தின் பக்கம் திரும்பினாள். "காளை மாதிரி இழுக்கறார்னு சந்தோஷப்பட்டீங்க. வலி எங்க போச்சுன்னு யாருமே கேக்கல."

"பொழச்சிப்பாரா?"

"இப்பவே தெரிஞ்சதால வழியிருக்குன்னு டாக்டர் சொல்றாரு."

பிரியங்கா ஸ்கூட்டரைக் கிளப்பினாள். அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏறு அத்தே. மாமா எழுந்து வரட்டும். அப்புறம் உன்ன கேட்டுக்கறேன்."

சம்பூர்ணம் ஏறி உட்கார்ந்தாள்.