கோழிகள் விலகிய இடம்

நோய்க்கோழியை எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டு வந்த பிறகும் கொட்டகை நடுவில் அந்த வெற்றிடம் மூடவில்லை.

சீக்கு வந்ததை விட்டு மற்றவை ஒதுங்குவது பண்ணைக்காரருக்குப் புதிதல்ல. கூட்டத்துக்கு நடுவே தரையில் பரப்பிய உமி வெறுமையாகத் தெரிந்தால், அங்கே கிடப்பதை அன்றைக்கே வலியில்லாமல் முடித்துவிடுவார். இந்த முறைதான் மனசு வராமல் தள்ளிப்போட்டார். மனைவி போனதிலிருந்து அவருக்குப் பேச்சுத்துணை இந்தக் கோழிகள்தான். தண்ணீருக்குக்கூட நகர முடியாமல் அது வாயைப் பிளந்து கிடந்ததைப் பார்த்துத்தான் இன்று சாயங்காலம் மடியில் எடுத்து, தடவிக்கொடுத்து, அலகுக்கடியில் இரண்டு விரலால் இடம் தேடி, ஒரே நொடியில் கழுத்தை முறித்துக் கதையை முடித்தார்.

இன்னொன்றுக்கும் ஒட்டிவிட்டதோ என்று கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, அமோனியா நெடி கண்ணைக் கரிக்க, சிறகுத் தூசு மிதக்கும் மங்கலான வெளிச்சத்தில் குனிந்து தேடிக்கொண்டே நடந்தார். வெற்றிடத்தில் எதுவும் இல்லை. இடப்பக்கம் நகர்ந்தார். வெற்றிடமும் நகர்ந்தது. வலப்பக்கம் போனார். கூடவே வந்தது.

நடுவில் அவர்தான் இருந்தார்.

கைப்பேசி அடித்தது. மகள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா."

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"உமித் தூசு. வேற ஒண்ணுமில்ல."

"பேசாம இங்க வந்துடுங்கப்பா. அங்க ஒண்டியா என்ன பண்றீங்க?"

"நான் வந்துட்டா இதுங்கள யாரு பாத்துக்குவா?"

காலையில் பேசுவதாகச் சொன்னாள் மகள். பிறகு வைத்துவிட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. கொக்கரிப்பு இல்லை. சீய்க்கிற சத்தம் இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. போய்விடலாம் என்று திரும்பினார். இடது கால் வரவில்லை. உமியில் சரிந்தார். கைப்பேசி எங்கோ விழுந்தது. கூப்பிட நினைத்தார். நாக்கு புரளவில்லை.

கதவருகே கோழிகள் ஒதுங்கின.

தாழ் போட்டபடியே இருந்தது. யாரும் இல்லை. ஆனால் கூட்டம் பிளந்து வழி விட்டது. ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு. மெதுவாக. அவரை நோக்கி.

வழியில் உமி அமுங்கியது. ஓர் அடி. இன்னோர் அடி.

பக்கத்தில் வந்து நின்றது.

கோழிகளின் இமைகள் கீழிருந்து மேலே ஏறி மூடிக்கொண்டன. எல்லாம், ஒரே நேரத்தில்.

யாரோ அவர் தலையை மடியில் எடுத்து வைத்தார்கள். தாடைக்கடியில் இரண்டு விரல்கள், இதமான சூட்டோடு, இடம் தேடின.