பின்கதவுக் கண்ணாடி

கரமனை அக்ரகாரத்தின் பின்சந்து வழியாக, கோணியில் சுற்றிய கண்ணாடியைப் பச்சைப்பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு மெக்கானிக் சத்தியதாஸ் வந்து சேர்ந்தபோது பகல் மூன்று மணி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷத்து ஆடிமாசக் கர்க்கடக மழை அன்று காலையிலிருந்து ஒரு நிமிஷம்கூட ஓயவில்லை. வானம் மூடிக் கிடந்ததில் பகலா பொழுது சாய்ந்ததா என்று சொல்ல முடியாதபடி ஓர் இருட்டு.

வக்கீல் கல்யாணராமனின் கார் கொட்டகை கொல்லையில், கிணற்றுக்கு அப்பால் இருந்தது. சத்தியதாஸ் கதவைத் தள்ளினான். பெட்ரோல் வாடையும் தோல் மெத்தை வாடையும் வரும் என்று நினைத்திருந்தான். வந்தது ஆற்றுச்சேற்றின் வாடை.

கறுப்புக் கார். நாலு கதவு. அதன் இடது பின்கதவில் கண்ணாடி இல்லை.

இருபத்திரண்டு நாளைக்கு முன்னால், திருவல்லம் கோயிலுக்குப் போகிற வழியில், கரையிடிந்து அந்தக் கார் ஆற்றுக்குள் சரிந்தது. முன்கதவு வழியாக டிரைவர் ராஜையன் வெளியே வந்துவிட்டான். பின்சீட்டில் இருந்த வக்கீலின் மனைவி லலிதாம்பாள் வரவில்லை. கார் வலப்பக்கமாகச் சாய்ந்து சேற்றில் புதைந்து கிடந்தது. இடது பின்கதவோ நெளிந்து இறுகிவிட்டது. ஆட்கள் நீந்திப் போய் அந்தப் பக்கத்துக் கண்ணாடியைக் கல்லால் உடைத்தபோது காரியம் முடிந்திருந்தது.

இதெல்லாம் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அது சத்தியதாஸுக்குத் தெரியும்.

அவன் தோளில் மாட்டியிருந்த சாமான் பையைக் கீழே வைப்பதற்குள் வக்கீல் குடையோடு வந்து நின்றார். மழிக்காத முகம். கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன.

"வந்துட்டயா? நெளிஞ்ச கதவை நேத்தே தட்டி நிமித்தியாச்சு. கண்ணாடிதான் பாக்கி. மழை உள்ளே அடிக்கறது. அவளுக்குச் சாரல் ஆகாது, கேட்டயா?"

சத்தியதாஸ் கோணியை அவிழ்த்தான்.

"இன்ஸ்பெக்டர் பார்த்துட்டுப் போயாச்சு. கண்ணாடி இறக்கற கைப்பிடியைச் சுத்தினார், நன்னாச் சுத்தறதுன்னு எழுதிண்டார். ஆனா லாக்கப்புல இருக்கற ராஜையன் வேற சொல்றான்."

"என்ன சொல்லுகான் சாமி?"

"ஒர்க்‌ஷாப்புல கண்ணாடியை ஆப்பு வச்சு நிறுத்தியிருந்தா, கைப்பிடி சும்மா சுத்துமே தவிர கண்ணாடி இறங்காதுன்னு சொல்றான். அவளை விட்டுட்டு ஓடினவன் சொல்றதாக்கும். நாளைக்கு விசாரணை. அன்னிக்கு இந்தக் கதவை நீதானே ரிப்பேர் பண்ணினே? ஆப்பு வச்சயா?"

"இல்ல சாமி. கண்ணாடி நல்லாத்தான் ஏறி எறங்கிச்சு."

பொய் சொல்லிப் பழகியவன் இல்லை சத்தியதாஸ். அதனால்தானோ என்னவோ, மளமளவென்று சொல்லிவிட்டான். வக்கீல் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மழைக்குள் திரும்பி நடந்தார்.

ராஜையன் சொன்னது அத்தனையும் உண்மை. வைகாசி பாதியில் இடவப்பாதி மழை தொடங்கிய வாரம், அந்தக் கதவுக்குள் இருக்கும் பல்சக்கரத்தில் பல் உடைந்து, ஏற்றின கண்ணாடி பொத்தென்று உள்ளே விழுந்துகொண்டிருந்தது. மாற்றுச் சாமான் மதராஸிலிருந்து வரவேண்டும். அதுவரை மழை உள்ளே வராமல் இருந்தால் போதும் என்று, அயினிக் கட்டையில் ஓர் ஆப்பு சீவி, கண்ணாடிக்கு அடியில் முட்டுக்கொடுத்து நிறுத்தினான் சத்தியதாஸ். அது தப்பில்லை. எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் செய்கிறதுதான். ஆனால் ஆப்பு வைத்த கதவில் கைப்பிடியைக் கழற்றிவிடுவது வழக்கம். கைப்பிடி இல்லாத கதவைப் பார்த்தால் இது இறங்காது என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். சத்தியதாஸ் கழற்றவில்லை. பளபளக்கிற வக்கீல் காரில் ஓட்டை தெரிந்தால் அசிங்கமாக இருக்குமே என்று அழகுக்காக விட்டுவைத்தான். ராஜையனிடம் சொன்னான். அம்மாளிடம் யாரும் சொல்லவில்லை.

முன்சீட்டைத் தாண்டி அவள் தப்பித்திருக்கலாம். ஆனால் கையில் சுற்றுகிற கைப்பிடி ஒன்று இருந்தது. சுற்றுகிறதே, இதோ இறங்கிவிடும் என்று நம்பி அதையே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உண்மையைச் சொன்னால் ராஜையன் வெளியே வருவான், சத்தியதாஸ் உள்ளே போவான். மார்த்தாண்டத்தில் மனைவி தங்கபாயும் இரண்டு பெண்பிள்ளைகளும் அவன் கையை நம்பித்தான் இருக்கிறார்கள். வேறு வழி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

கைப்பிடியைக் கழற்றிச் சீட்டின்மேல் வைத்தான். உள்பக்கத்துத் தட்டியை நெம்பினான். கதவின் வயிற்றுக்குள்ளிருந்து ஆற்றுமணல் சரிந்து அவன் காலில் கொட்டியது. ஆப்பு அங்கேயேதான் இருந்தது. தண்ணீரில் ஊறிப் பருத்து, தகரத்தோடு இறுகியிருந்தது. சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி உருவி, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பைக்குள் அடியில் திணித்தான்.

கிரிக்.

நிமிர்ந்தான்.

கிரிக். கிரிக். கிரிக்.

கைப்பிடி சீட்டின்மேல் கிடந்தது. அதை மாட்டியிருந்த இரும்புத்தண்டு மட்டும், கதவில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் நிதானமாக. பிறகு வேகமாக. பிறகு வெறிபிடித்தாற்போல.

சத்தியதாஸ் அதை இறுக்கிப் பிடித்தான். நின்றது. தண்டு சில்லென்று இருந்தது.

"கர்த்தாவே," என்று முணுமுணுத்தான். எழுந்து ஓடியிருக்க வேண்டியவன்தான். ஆனால் வேலையைப் பாதியில் போட்டு ஓடினால் ஏன் என்று வக்கீல் கேட்பார். மதராஸிலிருந்து வந்திருந்த புதுச் சாமானைப் பொருத்தினான். கண்ணாடியின் அடிவிளிம்பில் ரப்பர் வைத்துத் தகரப்பட்டையில் தட்டி இறக்கினான். இருபக்கமும் புதுக் கம்பளிப்பட்டை ஒட்டினான். பழகின வேலை பழகின வேலைதான். கைப்பிடியை மாட்டி, கதவைச் சாத்தி, வெளியே நின்று ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சுற்றினான். கண்ணாடி வெண்ணெயாக ஏறி இறங்கியது. கடைசியாகக் கதவைத் திறந்து, கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றிவிட்டுச் சாத்தினான்.

அவன் வாழ்நாளில் செய்த வேலைகளில் இதுதான் சுத்தமான வேலை. நாளை யார் வந்து சுற்றிப் பார்த்தாலும் கண்ணாடி இறங்கும். ராஜையன் பொய்யனாவான். இதைத் தன் கையாலேயே செய்து முடித்துவிட்டோம் என்று நினைத்தபோது சத்தியதாஸுக்கு அழுகை வந்தது.

துணியால் கண்ணாடியைத் துடைத்தான். கீழ் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல். துடைத்தும் போகவில்லை.

அது உள்பக்கத்தில் இருந்தது.

யாரோ கண்ணாடியோடு வாயை வைத்து மூச்சு விட்டாற்போல் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கலைந்தது. கொஞ்சம் மேலே இன்னொன்று விழுந்தது. அதுவும் கலைந்தது. அதற்கும் மேலே இன்னொன்று.

ஏன் மேலே மேலே போகிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் ஏற ஏற முகமும் மேலே போயிருக்கிறது.

மேல்விளிம்பை ஒட்டி ஒரு நூல் அகலத்துக்குக் கடைசி மூச்சு விழுந்தது.

பிறகு ஒன்றும் இல்லை.

"முடிஞ்சுதா?"

வக்கீலின் குரல் பக்கத்தில் கேட்டதும் சத்தியதாஸ் துள்ளி விலகினான். அவர் குடையை மடக்கிச் சாத்திவிட்டுக் கதவைத் திறந்தார்.

"சாமி, ஏறாதிங்க. பசை காயல்ல."

"அவ இருந்த இடத்துல ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கறேன்." அவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார்.

கண்ணாடி இறங்கவில்லை.

மறுபடி சுற்றினார். கிரிக், கிரிக் என்று கைப்பிடி மட்டும் சுற்றியது. அவர் எதையோ மோந்து பார்ப்பவர் போல முகத்தைச் சுளித்தார். வாய் அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை. கண்ணாடியில் அவர் மூச்சு படிந்தது.

அவர் மூச்சுக்குப் பக்கத்தில் இன்னொரு மூச்சும் படிந்தது.

சத்தியதாஸ் பாய்ந்து வெளிக்கைப்பிடியை இழுத்தான். சுவரை இழுப்பது போல் இருந்தது. சுத்தியலால் கண்ணாடியில் ஓங்கி அடித்தான். அரைமணி நேரம் முன்பு அவன் கையால் வைத்த கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை. உள்ளே வக்கீலின் முகவாய் உயர்ந்தது. கழுத்து நீண்டது. காருக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் அவர் தலையைக் கூரையோடு ஒட்டி, வாயை மீன் போலத் திறந்து திறந்து மூடினார். இரண்டு மங்கலும் சேர்ந்தாற்போல மேல்விளிம்புக்கு ஏறின.

"நாந்தான்!" என்று சத்தியதாஸ் அலறினான். "நாந்தான் அம்மா ஆப்பு வச்சேன்! கைப்பிடிய கழத்தாம விட்டதும் நாந்தான்! ராஜையன் சொன்னதெல்லாம் நேரு, சத்தியம்! அவர விட்டிரு அம்மா, விட்டிரு!"

கண்ணாடி தானாக இறங்கியது.

சத்தியதாஸ் கதவிலிருந்து கொட்டிய ஆற்றுமணலில் மண்டியிட்டு விம்மினான். வக்கீல் சீட்டில் சாய்ந்து மூச்சு வாங்கினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இத்தனை நாள் காணாத ஒரு நிம்மதி இருந்தது. அதைப் பார்த்ததும் சத்தியதாஸ் மண்டியிட்டபடியே பின்னுக்கு நகர்ந்தான்.

"நான் ஏறி உட்கார்ந்ததுமே லலிதா சொல்லிட்டா," என்றார் மெதுவாக. "நீ வாயைத் திறக்கறயான்னுதான் பார்த்திண்டிருந்தோம்."

"சாமி..."

"நாளைக்குப் பத்து மணிக்குக் கோர்ட்டுக்கு வந்து இதையே சொல்லு. ராஜையன் வெளியே வரணும். பையில அடியில வச்சிருக்கயே, அந்த ஆப்பையும் எடுத்துண்டு வா."

"வாறேன் சாமி." தன் தலை போகப்போகிறது என்று தெரிந்தே சொன்னான். இந்தத் தடவை பொய் இல்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். திறந்த கொட்டகை வாசலில் வந்த சாரல் கார் ஜன்னல் வழியாக அடித்து வக்கீலின் தோளை நனைத்துக்கொண்டிருந்தது. "நீங்க எறங்கி வாங்க சாமி. நான் கண்ணாடிய ஏத்திட்டுப் போறேன்."

"வேண்டாம், நீ போ," என்றார் வக்கீல். "நாங்க ஏத்திக்கறோம்."

சத்தியதாஸ் கொட்டகை வாசலில் ஒருதரம் திரும்பிப் பார்த்தான்.

வக்கீலின் கைகள் இரண்டும் மடிமேல் இருந்தன. கண்ணாடி ஏறிக்கொண்டிருந்தது.