அஞ்சம்மையின் மிதி

நீலாயதாட்சி மூச்சை இழுத்தாள். அது பாதி வழியில் நின்றது. வலது விலாவுக்கு உள்ளே, எப்போதும் அதே இடத்தில், மணல் நெருடுவதைப் போல ஏதோ நெருடியது. இருமிப் பார்த்தாள். போகவில்லை. வெந்நீர் குடித்தும் போகவில்லை.

வெளியே ஐப்பசி மழை கூரைத் தகரத்தில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கடலுக்குப் போகாத படகுகளின் டீசல் வாடையும், உப்பளப் பக்கமிருந்து வருகிற ஈரக்காற்றும், அடுப்படியில் காய்கிற நல்லெண்ணெயின் மணமும் கலந்து வீட்டுக்குள் தேங்கி நிற்க, அவற்றுக்கு நடுவே தன் மூச்சு மட்டும் சீழ்க்கை போல மெலிதாக ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

போன வாரம் மீன் கூடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சறுக்கி, உட்கார்ந்தபடியே விழுந்தாள். முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கியது. தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக அதற்குள் சிமெண்ட் செலுத்தினார்கள். வீடு கட்டுகிற சிமெண்ட் இல்லை, எலும்புக்கென்றே இருப்பது. குழைத்துச் செலுத்தினால் உள்ளே போய் இறுகிவிடும். முடிந்ததும் டாக்டர் திரையைக் காட்டினார். கறுப்பாகத் தெரிந்த சிமெண்ட் கட்டியிலிருந்து நூல் மாதிரி ஒரு கோடு விலகி ஓடியிருந்தது.

"கொஞ்சம் ரத்தக்குழாயில கசிஞ்சிருக்கும்மா. பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. ஆனா அது நுரையீரலுக்குப் போய் மூச்சு முட்டுனா உடனே வந்துடணும்."

அவள் புருஷன் காயாரோகணம் அப்போது கீழே மருந்து வாங்கப் போயிருந்தான். முதுகு வலி அன்றைக்கே விட்டுப்போன சந்தோஷத்தில் அவளும் அவனிடம் அதைச் சொல்லவில்லை.

இப்போது சொல்லப் பார்த்தாள். "ஆஸ்பத்திரி" என்ற ஒரு சொல்தான் வந்தது.

அங்கேதான் எல்லாம் பார்த்தாகிவிட்டதே என்று அவன் பயந்துபோய்த் தன் அக்காவை அழைத்து வந்தான். அஞ்சம்மை இரட்டைப் பிள்ளை பெற்றவள். அவள் கால் பட்டால் எந்தப் பிடிப்பும் இறங்கிவிடும் என்று சுற்றுவட்டாரமே அவள் வாசலில் வந்து நிற்கும். நீலாயதாட்சியே முன்பு அந்தக் காலுக்குக் கீழே படுத்து, சுகமாகி எழுந்தவள்தான். மிதிபடுகிறவர் கத்தினால் பிடிப்பு கழல்கிறது என்று அர்த்தம். அடங்கினால் கழன்றுவிட்டது.

"ஆஸ்பத்திரியில எலும்பப் பாத்தாங்க, பிடிப்ப யாரு பாத்தது?" அஞ்சம்மை சேலையைத் தூக்கிச் செருகினாள். "இது மூச்சுப் பிடிப்புடா தம்பி. போன தடவ மிதிச்சதுக்கு உன் பொண்டாட்டி ஒரு மத்தி கண்ணுல காட்டல. இந்தத் தடவ வஞ்சிரம் வாங்காம விடமாட்டேன்."

வாசலில் ஒதுங்கி நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

நீலாயதாட்சி தலையை ஆட்டினாள். வேண்டாம். அவன் அவளைப் பச்சைக் குழந்தையைப் புரட்டுவது போலப் பதமாகப் பாயில் குப்புறப் போட்டான். கன்னம் பாயில் அழுந்தியது. மூச்சு இன்னும் குறுகியது. கையூன்றி எழப் பார்த்தாள். அவன் மணிக்கட்டுகளைச் சேர்த்துப் பிடித்தான். கால்களை வேறு யாரோ பிடித்தார்கள்.

"கொஞ்சம் பொறுத்துக்க தங்கம். சரியாயிடும்."

எண்ணெய் சூடாக முதுகில் வழிந்தது. அதன் மேல் குதிகால் ஊன்றியது.

முழு எடையும்.

எதுவோ முறிந்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பற்களுக்குள் கேட்டது. கத்தினாள். இருந்த காற்றெல்லாம் அதிலேயே போயிற்று.

"கழலுது, கழலுது" என்றாள் வாசலில் ஒருத்தி.

மூச்சை உள்ளே இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். வரவில்லை. அவன் கையைக் கடித்தாள். பல் எலும்பில் பட்டது. அவன் விடவில்லை. கண்ணில் நீர் முட்ட, அவளுக்காகப் பொறுத்துக்கொண்டான். அவன் ரத்தம் அவள் நாக்கில் உப்புக் கரித்தது.

அடுத்த மிதி.

விலா உடைந்தது.

மழை தூரமாகப் போயிற்று. விரல்கள் தாமாக விரிந்தன.

"அடங்கிட்டா பாரு" என்றான் காயாரோகணம், அழுகையும் சிரிப்புமாக. "வலி விட்டுடுச்சுக்கா."

குனிந்து அவள் முகத்தருகே வந்தான். அவள் கண் திறந்தே இருந்தது. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதட்டோரம் இளஞ்சிவப்பாக நுரை ஊறிப் பாயில் இறங்கியது. அவன் கட்டைவிரலால் அதைத் துடைத்துவிட்டான். தன் கையிலிருந்து வழிந்த ரத்தம் என்று நினைத்திருப்பான்.

"இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்" என்றாள் அஞ்சம்மை. "நல்லாப் பிடி."

சுவரில் கைவைத்துக்கொண்டு, இரண்டு காலாலும் அவள் மேல் ஏறி நின்றாள்.